சளிப்படலம்

சளிப்படலம் என்ற சொல்லை அந்தத் தாளில் எழுதியவன் நான். வேறு யாரோ எழுதினார்கள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. நானே யோசித்து, நானே எழுதி, வேறு சொல் சொன்னவரிடம் வாதாடி நிலைநிறுத்திய சொல் அது.

என் பெயர் அறவாழி. அப்பா தமிழாசிரியர் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். நானும் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, விருதுநகரில் ஒரு மருந்து ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். புது மருந்தை விற்பனைக்கு விடும் முன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிற இடம். அவர்கள் படிக்க வேண்டிய தாள்களையெல்லாம் தமிழில் எழுதுவது என் வேலை. வந்து கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் என் வேலைதான். முதல் வேலையில் எனக்கு இருந்த ஆசையில் பாதி இரண்டாவதில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

மருந்தின் பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையவில்லை. வந்த முதல் வாரமே ஊர்க்காரர்கள் அதற்கு ‘மூக்கு ஊசி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊசியே இல்லாத மருந்துக்கு ஊசி என்று பெயர் வைக்கலாமா என்று நான் கேட்கப்போய் எல்லாரும் சிரித்தார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் வயிற்றிலும் தொடையிலும் குத்திக்கொள்ளும் இன்சுலினை, விரல் நீளக் குழல் ஒன்றால் மூக்கில் அடித்துக்கொண்டால் போதும். சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, ஒரு நாளைக்கு மூன்று தடவை.

அதை உருவாக்கிய குழுவில் இருந்தவர் டாக்டர் எஸ்தர் பொன்மணி. எங்கள் மையத்துக்கு அவர்தான் பொறுப்பு. தாள் எழுதுவதற்கு முன் என்னை உட்காரவைத்து விளக்கினார்.

“இன்சுலின் ஒரு புரதம் அறவாழி. வாய் வழியா கொடுத்தா, முட்டையச் செரிக்கிற மாதிரி வயிறு அதையும் செரிச்சுத் தள்ளிரும். சரி, மூக்கு வழியா கொடுப்போம்னா, மூக்குக்குள்ள இருக்கிற தோல் இவ்வளவு பெரிய ஆளை உள்ள விடாது. அதுக்குத்தான் கூட ஒரு சின்னப் புரதத் துண்டைச் சேர்த்திருக்கோம். செல்லுக்குள்ள போகத் தெரிஞ்சவன் அவன். இன்சுலினைக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருவான்.”

“எல்லாத்தையும் கூட்டிட்டுப் போயிருவானா மேடம்?”

“பத்துல ஒண்ணு. அதனாலதான் ஊசியில போடறதைவிடப் பத்து மடங்கு குழல்ல வச்சிருக்கோம். ஒன்பது வீணாப் போகும், ஒண்ணு ரத்தத்துக்குப் போகும். மூக்குத் தோல் நல்லா இருந்தாத்தான் அந்தக் கணக்கு சரி. தோல் புண்ணாகியோ வீங்கியோ இருந்தா நாலு பங்கு, அஞ்சு பங்குகூட உள்ள போயிரும். ஆள் சர்க்கரை இறங்கி விழுந்துருவாங்க. அதே மாதிரி, தோல் காய்ஞ்சு போயிருந்தாலும் வேலை செய்யாது. இது ரெண்டும் தாள்ல தெளிவா வரணும். மூக்கின் உள்தோல்னு எழுதிருங்க, போதும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “உள்தோலா? உள்பனியன் மாதிரியில்ல இருக்கு. அதுக்கு மருத்துவத் தமிழ்ல நல்ல சொல் இருக்கு மேடம். சளிப்படலம்.”

“சனங்களுக்குப் புரியுமா?”

“எழுதிப் பழக்கினாத்தானே புரியும்? நாமளே கொச்சையா எழுதினா மொழி எப்படி வளரும்?”

எஸ்தருக்கு எட்டு ஊர்களில் வேலை கிடந்தது. கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் எழுதிய இரண்டு வரிகள் இவை: ‘மருந்தைச் சளிப்படலத்தின் மேல் படுமாறு செலுத்தவும். சளிப்படலம் வறண்டிருக்கும்போது செலுத்தக் கூடாது.’ புண் இருந்தால் செலுத்தக் கூடாது என்பதும் இருந்தது. அச்சாகி வந்த தாளைப் பார்த்து எனக்கு ஒரே பெருமை. அந்தச் சமயம் நான் மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுத்து ஒரு கையேடு வேறு போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் தொகுதியில் முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சீனியம்மாள். வயது ஐம்பத்து மூன்று. வத்தல் கிட்டங்கியில் வேலை. மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அந்தப் பெரிய கூடத்தில், இருபது பெண்கள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள். இருபது வருஷமாக அவர் அங்கேதான் இருந்தார்.

“பேர்ல இருந்த சீனி ரத்தத்துல இறங்கிருச்சு சார்,” என்று வந்த அன்றே பதிவு மேசையில் எல்லாரையும் சிரிக்கவைத்தவர். எட்டாவது வரை படித்தவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரல் வைத்துப் படிப்பார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மட்டும் தேடுகிறவர்களையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அன்று ஒவ்வொருவரையும் கையில் குழலைக் கொடுத்து உட்காரவைத்து, முதல் மருந்தை எங்கள் எதிரிலேயே அடிக்கச் சொன்னோம். சாயங்காலம் என் கையேட்டின் வெளியீட்டு விழா இருந்தது. நான் நான்கு மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். அன்று சீனியம்மாளிடம் என்ன பேசினாய் என்று யாராவது பிறகு கேட்டிருந்தால், வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொன்னேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உண்மை என்றும் நம்பியிருப்பேன்.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகப் போனது. வாரம் ஒரு முறை போனில் கேட்போம். மூக்கில் எரிச்சல் உண்டா என்பது ஒரு கேள்வி. இருபது வருஷம் வத்தல் நெடியில் இருந்தவரிடம் எரிச்சல் உண்டா என்றால் என்ன சொல்வார்? “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்” என்றார். இல்லை என்ற கட்டத்தில் நான் டிக் அடித்தேன்.

நான்காவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிட்டங்கிக்கு விடுமுறை. சீனியம்மாளின் மகள் தங்கமாரி சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் டிசைன் வேலை செய்கிறாள். சீசன் நேரம் என்பதால் அன்று அரைநாள் வேலைக்குப் போயிருந்தாள். மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அம்மா அடுப்படியில் விழுந்து கிடந்தார். காலைச் சாப்பாடு தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. பக்கத்தில் குழல். ஒரு காகிதத் துண்டில் மிளகாய் வத்தல் தூள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை அளவு இருபத்திரண்டு. மூக்கின் உள்ளே சிவந்து வீங்கியிருந்தது, மருந்து நாலைந்து பங்கு உள்ளே போயிருக்கிறது. உயிர் பிழைத்தார். ஆனால் ஐந்தாறு மணி நேரம் மூளை சர்க்கரை இல்லாமல் கிடந்துவிட்டது. நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதிதான் முதலில் அடிபடுமாம். பழைய காலமெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. கடைசி ஒரு வருஷம் சுத்தமாக அழிந்து போயிருந்தது. இனிமேல் புதிதாக எதுவும் தங்காது என்றார்கள். காலையில் சொன்னது மாலையில் இருக்காது.

எங்கள் மையத்தில் அறிக்கை தயாரானது. ‘பங்கேற்பாளர் மருந்துக்கு முன் மூக்கில் மிளகாய்த் தூள் ஏற்றியுள்ளார். பயன்பாட்டு விதி மீறல்.’ விதி மீறல் என்று முடிவானால் அந்த மாதத்தோடு அவருக்கான சிகிச்சையைக் கம்பெனி நிறுத்திக்கொள்ளும். ஒப்புதல் தாளில் அப்படித்தான் இருந்தது. “மிளகாய்த் தூளை யாராவது மூக்குல போடுவாங்களா?” என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

மகளிடம் கையெழுத்து வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். வார்டில் சீனியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேச்சு மெதுவாகிவிட்டிருந்தது. என்னை அவருக்குத் தெரியவில்லை.

தங்கமாரி அறிக்கையைப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள். “விதி மீறல்னு போட்டிருக்கீங்களே சார். தாள்ல இருந்தபடிதான எங்கம்மா செஞ்சாக.”

“மிளகாய்த் தூள்னு தாள்ல எங்க போட்டிருக்கும்மா?”

அவள் கைப்பையிலிருந்து நான் எழுதிய தாளை எடுத்தாள். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. இரண்டு வரிகளுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது.

“இங்க பாருங்க. சளிப்படலத்தின் மேல் படுமாறு. சளிப்படலம் வறண்டிருக்கும்போது செலுத்தக் கூடாது. கிட்டங்கிக்குப் போற நாள்ல அவுகளுக்கு மூக்கு தானா ஒழுகும். லீவு நாள்ல சளியே இருக்காது. சளி இல்லாம மருந்து அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குல்ல? அதான் ஒரு சிட்டிகை வத்தப்பொடி. நாலு தும்மல் தும்மி, மூக்கு ஒழுகுனப்புறம் அடிப்பாக. அன்னிக்குப் புது வத்தல், காரம் கூடுதலு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த வரியை நானே திரும்பப் படித்தேன். சளிப்படலம். சளியின் படலம். மூக்கில் சளி படர்ந்திருக்க வேண்டும், அது காய்ந்திருக்கக் கூடாது. தமிழ் தெரிந்த யார் படித்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். அதை அப்படிப் படிக்க முடியாதவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் எனக்கு அதன் பொருள் முன்பே தெரியும்.

அதற்குள் சீனியம்மாள் பேசினார். “சார், நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேப்பேன், இதைப் போய் கேக்காம விட்டுட்டேன். கூறு கெட்டவ நானு. உங்க ஆராய்ச்சியவே கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கிடுங்க சார்.”

அழுதார். தங்கமாரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். “தினமும் இப்படித்தான் சார். ஏன் இங்க படுத்திருக்கோம்னு காலையில கேப்பாக. நான் சொல்லுவேன். உடனே, கேக்காம விட்டுட்டேனேன்னு அழுவாக. மறுநாள் திரும்பவும் முதல்ல இருந்து.”

“பரவாயில்லம்மா,” என்றேன் நான் சீனியம்மாளிடம். நான் ஏதோ அவரைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டதுபோல. கையெழுத்து வாங்காமல் வந்துவிட்டேன்.

எஸ்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

“இதை விசாரணைக் குழுவுக்கு நிரூபிக்கணும் அறவாழி. மகள் சொல்றதை மட்டும் ஏத்துக்க மாட்டாங்க. குழல்ல ஒலிப்பதிவு இருக்கு, தெரியும்ல? எவ்வளவு வேகமா உறிஞ்சுறாங்கன்னு அளக்கறதுக்கு வச்சது. மூடியைத் திறந்ததுல இருந்து மூடுற வரைக்கும் பதிவாகும். உக்காந்து கேளுங்க.”

முன்னூற்று நாற்பத்தொரு பதிவுகள். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்று மத்தியானங்கள் ஆயின. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்குத் தும்மல். பிறகு, “வந்துருச்சு, சளி வந்துருச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் குரல். பிறகு உறிஞ்சும் சத்தம். கிட்டங்கி நாட்களில் சுற்றிலும் பெண்களின் பேச்சு. “சீனி, ஒனக்கு மட்டும் மூக்குல மருந்து, எங்களுக்கு நெடிதானா?” என்று ஒருத்தி கேட்க, இவர் சிரித்துக்கொண்டே அடிக்கிறார். தாளில் உள்ளதை இவ்வளவு அக்கறையாகக் கடைப்பிடித்த வேறொருவர் முப்பத்திரண்டு பேரில் இருந்திருக்க மாட்டார். எனக்கு உற்சாகம்கூட வந்தது. இவரைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் முதல் பதிவுக்கு வந்தேன். மையத்தில் எங்கள் எதிரில் அடித்தது. கூடத்து இரைச்சல். மூடி திறக்கும் சத்தம். அப்புறம் அவர் குரல்.

“சார், சார், ஒரு நிமிசம். சளிப்படலம்னு போட்டிருக்கே. அப்படின்னா?”

“என்னம்மா, தமிழ்தானே? மூக்குக்குள்ள இருக்குமே, அதுதான்.”

அது என் குரல்.

“அப்ப, மருந்து அடிக்கையில அது இருக்கணுமா சார்?”

“இருக்கணும், இருக்கணும். எல்லாருக்கும் இருக்கும்மா. வறண்டு மட்டும் போயிரக் கூடாது. அடிங்க, அடிங்க. அடுத்து யாரு?”

உறிஞ்சும் சத்தம். மூடி மூடும் சத்தம். மொத்தம் பத்தொன்பது வினாடி.

அதைப் பதினோரு தடவை கேட்டேன். அப்படி ஒரு பேச்சு நடந்ததாக எனக்கு நினைவே வரவில்லை. மூளையில் அடிபட்டவருக்கு நினைவில்லாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு என்ன காரணம்? விழாவுக்குப் போட்டுக்கொள்ள வைத்திருந்த சட்டையின் நிறம் நினைவிருக்கிறது. யார் யார் என்னைப் பாராட்டிப் பேசினார்கள் என்பதும் வரிசையாக நினைவிருக்கிறது.

முதல் நாள் பதிவைப் பயிற்சிக்கு உரியது என்று சொல்லிக் கணக்கில் சேர்க்காமல் விடுவது உண்டு. எல்லா நோயாளிக்கும் அப்படித்தான். அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். முன்னூற்று நாற்பதைக் குழுவுக்கு அனுப்பினேன்.

விசாரணையில் நான் நன்றாகவே பேசினேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மிக நன்றாகப் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். சளிப்படலம் என்பது அகராதியில் உள்ள சொல், ஆனால் பொதுமக்களுக்குப் பழக்கமில்லாதது, அதைத் தேர்ந்தெடுத்த பொறுப்பு என்னுடையது என்றேன். தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி, “தன் தவறைத் தானே சொல்றதுக்கு ஒரு மனசு வேணும்” என்று எல்லார் முன்னும் பாராட்டினார். அப்புறம் ஒன்று கேட்டார்.

“அந்தம்மா யார்கிட்டயும் இதுக்கு அர்த்தம் கேக்கலையா?”

“அனுப்பின பதிவுகள்ல அப்படி எதுவும் இல்லைங்கய்யா.”

எவ்வளவு கவனமாகச் சொல் தேர்ந்தேன் பாருங்கள். அனுப்பின பதிவுகளில். சொல்லில் பிழை வராமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

விதி மீறல் என்பதை அடித்துவிட்டார்கள். சீனியம்மாளுக்குக் கடைசி வரை சிகிச்சை உண்டு என்று முடிவானது. ஆனால் அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்ந்தது: ‘எனினும், பங்கேற்பாளர் உரிய நேரத்தில் விளக்கம் கேட்டுப் பெறவில்லை.’ வேண்டியது அவருக்குக் கிடைத்துவிட்டது, ஒரு வரியில் என்ன இருக்கிறது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். புதுத் தாளில் மூக்கின் உள்தோல் என்று எழுதிக் கொடுத்தேன். எஸ்தர் படித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து தங்கமாரி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், சர்க்கரை நோயாளி வீட்டுக்கு.

தெருவின் கடைசி வீடு. ஒரே அறை, பின்னால் அடுப்படி. சீனியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுத முகம். தங்கமாரியின் போனிலிருந்து யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம் கழித்துத்தான் அது சீனியம்மாளின் குரல் என்று தெரிந்தது. பழைய குரல், வேகமானது, சிரிப்போடு வருவது. பின்னால் கிட்டங்கிப் பெண்களின் சத்தம்.

“அம்மாவோட பழைய பேச்சு சார்,” என்றாள் தங்கமாரி. “இதைப் போட்டா கொஞ்சம் தெளிவா இருக்காக. தினமும் போடுவேன்.”

“இது எப்படிம்மா கிடைச்சது?”

“மையத்துக்கு எழுதிக் கேட்டேன். அனுப்பி வச்சாக. பங்கேற்பாளர் தம்மைப் பற்றிய எல்லாப் பதிவுகளின் நகலையும் கேட்டுப் பெறலாம்னு ஒப்புதல் தாள்ல இருந்துச்சே.”

அந்த வரியையும் தமிழில் எழுதியவன் நான்தான். அதை மட்டும் தெளிவாக எழுதியிருந்தேன்.

“எல்லாம் வந்துருச்சா?” என்று கேட்டேன்.

“வந்துருச்சு சார். முன்னூத்தி நாப்பத்தொண்ணு. எப்பவும் முதல்ல இருந்துதான் போடுவேன்.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அதில் கோபம்கூட இல்லை. நான் ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

சீனியம்மாள் நிமிர்ந்தார். “சார் யாருடி? குரலை எங்கயோ கேட்டாப்ல இருக்கே.”

“அவுகளே சொல்லுவாகம்மா,” என்றாள் மகள். போனை நிறுத்தினாள்.

ஓடிவிடலாமா என்று தோன்றியது உண்மை. வாசல் நான்கடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் போகவில்லை. நின்றபடியே சொன்னேன். தாளை எழுதியவன் நான் என்றேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், நான் சரியாகச் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன் என்றேன். அது பதிவாகியிருப்பது தெரிந்தும் மறைத்தேன் என்றும் சொன்னேன்.

அவர் மெதுவாகத்தான் புரிந்துகொண்டார். “நான் கேட்டேனா?”

“கேட்டீங்கம்மா. ரெண்டு தடவை கேட்டீங்க.”

“நெசமாவா?”

“நெசமாத்தாம்மா.”

முகம் மலர்ந்துவிட்டது. மகள் கையைப் பிடித்து இழுத்தார். “அடியே, கேட்டியா? நான் கேட்டிருக்கேன்டி. ரெண்டு தடவை கேட்டிருக்கேனாம். உங்கம்மா ஒண்ணும் கூறு கெட்டவ இல்லை.” சிரித்தார். பதிவுகளில் கேட்ட அதே சிரிப்பு. என்மேல் கோபப்பட வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. அவர் திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

தெருவரை தங்கமாரி கூட வந்தாள்.

“நாளைக்கு இதுவும் மறந்துரும் சார். காலையில எந்திரிச்சு, கேக்காம விட்டுட்டேனேன்னு திரும்ப அழுவாக. நான் சொன்னா நம்ப மாட்டாக. மக ஆறுதலுக்குச் சொல்றான்னு நினைப்பாக. அந்த முதல் பதிவைப் போட்டுக் காட்டினாலும், இரைச்சல்ல கேட்டது வேற யாரோன்னுருவாக. இன்னிக்கு நீங்க சொன்னதும்தான் நம்பினாக.”

அப்போதுதான் ஆப்பிள் பையை அவளிடம் கொடுத்தேன்.

“தினமும் வரச் சொல்லலை. ஞாயித்துக்கிழமை மட்டும் வாங்க. அன்னிக்குத்தான் ரொம்ப அழுறாக.”

“எத்தனை நாளைக்கும்மா?” என்று கேட்டேன். கேட்ட வாயை உடனே மூடிக்கொள்ள முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள், நான் மறைத்துவைத்த அந்த முதல் பதிவை எஸ்தரிடம் கொடுத்தேன். முழுவதும் கேட்டார். “உள்தோல்னு எழுதச் சொன்னேன்ல,” என்றார். அவ்வளவுதான். அறிக்கை திருத்தப்பட்டது. அந்த அடிவரி போனது. ஏற்கெனவே அனுப்பியிருந்த புதுத் தாளிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். எழுதுகிற வேலையிலிருந்து என்னை மாற்றி, மருந்துப் பெட்டிகளைச் சரிபார்க்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். கையேட்டின் மிச்சப் பிரதிகள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு நான் புது ஆள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. பல நாட்கள் அந்த முதல் நாள் மாதிரியே சந்தோஷப்படுவார். ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நாள், “படிச்ச ஆளுதான நீ, ஒரு நிமிசம் நின்னு சொல்ல முடியலையாய்யா?” என்று கேட்டுத் தம்ளரை விட்டெறிந்தார். அது என் நெற்றியில் பட்டது. மறு வாரம் போனபோது அந்தக் காயத்தைப் பார்த்துவிட்டு, “ஐயோ, என்ன சார், எங்க இடிச்சுக்கிட்டீங்க?” என்று பதறினார்.

இன்று பதினேழாவது ஞாயிறு. கதவைத் தட்டியதும் அவரே வந்து திறந்தார். கண் சிவந்திருந்தது.

“யாரு சார் நீங்க?”

“சளிப்படலம்னு தாள்ல எழுதினவன்மா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

“அப்படின்னா?” என்று கேட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “மூக்கோட உள்தோல்மா” என்று சொன்னேன்.